மொட்டை மாடிக்கு ஏறிய பீர்

கெக் எனும் பீப்பாயிலிருந்து பார் குழாய்க்கு டிராஃப்ட் பீர் லைன் போடுகிறவன் நான். எனக்கு வரும் போன் எல்லாம் நுரையைப் பற்றித்தான் இருக்கும். கடற்கரைப் பக்கத்து மொட்டை மாடி பார் ஒன்றின் மேனேஜர் அன்று திருடனைப் பற்றிப் பேசினார்.

“பாதி கிளாஸ் ஊத்துறதுக்குள்ளயே கெக்கு காலியாவுதுண்ணே. உள்ளாளு வேலை. பாட்டில்ல புடிச்சி எடுத்துக்கினு போறான். குழாய்க்கு ஒரு பூட்டு போட்டுக் குடுங்க.”

அவர் சொன்னது குழாயில் நின்று பீர் ஊற்றிக் கொடுக்கும் கலைமணியை. குருசுக்குப்பத்துக்காரர். மனைவி தேவகி அதே பாரில் பாத்திரம் கழுவுகிறவர். வேலை முடிந்து போகும்போது கலைமணியின் பையை மட்டும் எல்லார் எதிரிலும் கொட்டிப் பார்ப்பார்களாம். மேனேஜரே பெருமையாகச் சொன்னார். தேவகியும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது.

பாருக்குப் போனதும், பூட்டை எடுக்காமல் கெக் வைத்திருக்கும் கோல்ட் ரூமுக்குப் போனேன். கெக் தரைத்தளத்தில், குழாய் மூன்றாவது மாடிக்கு மேலே. அவ்வளவு உயரத்துக்குத் தள்ள வெறும் கார்பன் டை ஆக்சைடை வைத்து, ரெகுலேட்டரை ஏகத்துக்கும் திருகியிருந்தார்கள். அந்த கேஸ் பீரில் கரையும். பிரஷரைக் கூட்டினால் இன்னும் கரையும். மேலே குழாயைத் திறந்தால் பாதி பீர் நுரையாகி டிரேயில் வழிந்து சாக்கடைக்குப் போகும். நைட்ரஜன் அப்படி லேசில் கரையாது. தள்ளுகிற வேலையை அதனிடம் விட வேண்டும். அதற்காக முழுக்க நைட்ரஜன் கொடுத்தால் பீர் சப்பென்று ஆகிவிடும். இரண்டும் அளவோடு வேண்டும்.

மதியம் நைட்ரஜன் சிலிண்டரும் இரண்டு கேஸையும் கலக்கும் பிளெண்டரும் கொண்டுவந்து மாட்டி, நூற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு அறுபது, நைட்ரஜன் நாற்பது என்று வைத்தேன். பழைய கெக்கில் ஏற்கெனவே கேஸ் ஏறியிருந்ததால் புதியதைப் போடச் சொன்னேன். மாடியில் கலைமணி குழாயை இழுத்தார். இரண்டு விரல் நுரை, கீழே தெளிந்த பீர்.

“அதான் சரியாயிடுச்சில்ல, விடுங்க” என்றார் மேனேஜர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “எல்லார் எதிர்லயுந்தான பையக் கொட்டுனீங்க? எல்லார் எதிர்லயும் சொல்லுங்க. இல்லன்னா கழட்டிக்கினு போறேன்.”

மேனேஜர் ஆட்களைக் கூப்பிட்டார். “கலைமணி மேல தப்பு இல்ல. கேஸுதான் கோளாறு.” முனகலாகத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

தேவகி ஈரக்கையோடு வந்து கணவர் முன்னால் நின்றார்.

“நேத்து நானும் கேட்டுட்டனே, மெய்யாலுமே எடுத்தியான்னு.”

கலைமணி கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கெக் குறைகிறது என்று யார் கூப்பிட்டாலும், நாம் போய்ப் பார்க்கிற வரை ஆள் பேரைச் சொல்ல வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். கேஸை அரை நாளில் சரிசெய்துவிடலாம். வீட்டுக்குள் நுழைந்துவிட்ட சந்தேகத்தை எடுக்க நம் பெட்டியில் ஸ்பேனர் கிடையாது.