சூரியனுக்கு ஒட்டாத ஸ்டிக்கர்

கார் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரகடம் கம்பெனி ஒன்றில் எனக்குக் கண்தான் வேலை. பெயிண்டில் கடுகளவு தூசி ஒட்டியிருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒட்டினால் கதவு திரும்பிப் போகும், லைன்காரர்கள் மறுபடி தேய்க்க வேண்டும். அதனால் ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்றுதான் இருந்தேன்.

அந்த வாரம் சூரியனில் பெரிய கரும்புள்ளிகள் வந்திருக்கின்றன என்று எல்லார் போனிலும் ஒரே பேச்சு. மதியச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தபோது கேன்டீன் வாசலில் லைன்காரர்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள். சூரியனிலேயே டிஃபெக்ட்டாம், அதற்கும் ஸ்டிக்கர் ஒட்டு பார்க்கலாம் என்று கிண்டல். வெல்டிங்கில் இருந்த படப்பைக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், ஒரு கறுப்புக் கண்ணாடியை நீட்டினார்.

“வெல்டிங் கண்ணாடிம்மா. இத்த மாட்டிகினு பாத்தா ஒண்ணும் ஆவாது.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். கண் கூசியது. ஷிஃப்ட் முழுக்க டியூப் லைட்டுக்குக் கீழே முழித்துப் பழகிய கண், இதெல்லாம் ஒரு கூச்சமா என்று விடாமல் தேடினேன். வலது ஓரத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் குட்டியாய் இன்னொன்று. கிடைத்துவிட்டது என்று கத்தினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

வலியே இல்லை, அதுதான் அக்கிரமம். மறுநாள் காலை, எதைப் பார்த்தாலும் அதன் நட்டநடுவில் சாம்பல் நிறப் பொட்டு. தண்டலத்தில் கண் டாக்டர், விழித்திரை வெந்துவிட்டது, மருந்து இல்லை என்றார். அந்தக் கண்ணாடி வெல்டிங்குக்கே இல்லை, கேஸ் கட்டிங்குக்கானது, வெயிலுக்கு அந்தக் கறுப்பு போதாது என்பதை ஸ்டோரில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெந்த கண்ணுக்குத் தூசி எங்கே தெரியும்? நான் பாஸ் செய்த கதவுகள் வரிசையாகத் திரும்பி வந்தன. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டான்.

வீட்டில் சும்மா கிடந்தபோது, நான் அப்படித் தேடிப் பார்த்தது என்ன எழவு என்று போனில் வீடியோ போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். சூரியனின் நடுவில் பிறக்கிற சூடு, மேலடுக்கில் சோற்று உலைபோலக் கொதித்துப் பொங்கி வெளியே வருமாம். உள்ளே காந்தக் கோடுகள் சுற்றிச் சுற்றி முறுக்கேறி ஓரிடத்தில் மேலே பிதுங்கிவிடும். அங்கே கொதிப்பு ஏற முடியாமல் அடைபட்டுப்போகும். சுற்றிலும் இருப்பதைவிடச் சூடு குறைந்த அந்த இடம்தான் நமக்குக் கறுப்பாய்த் தெரிகிறது. சில வாரத்தில் அது கரைந்தும் போகுமாம். எனக்கு வந்த பாழாய்ப்போன பொட்டு மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று கேட் அருகே அந்தப் படப்பை அண்ணனைப் பிடித்தேன். என்ன கண்ணாடி என்று தெரிந்துதான் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

“வெல்டிங்ல கீறேன், தெரியாம இருக்குமா? சும்மா கலாய்க்கத்தான் குடுத்தேன். கூசினா நீயே கயட்டிடுவேன்னு பாத்தேன். நீ இன்னாடான்னா உத்துப் பாத்துகினே நின்ன.”

நாசமாய்ப் போ என்று வாய்வரை வந்தது. வருத்தப்பட்டுச் சொல்கிறாரா, சிரித்துக்கொண்டு சொல்கிறாரா என்று தெரிந்துகொண்டு திட்டலாம் என முகத்தை உற்றுப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் பொட்டு இருந்தது. பார்வையைக் கொஞ்சம் தள்ளினால் காது தெரிந்தது, சட்டைக் காலர் தெரிந்தது. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று உள்ளே போய்விட்டார்.