ஸ்கூட்டி நர்சுக்கு வந்த தடை

போன வாரம் மணமேல்குடிக்குப் போயிருந்தேன். என் சிநேகிதி ஜெபமணி அக்கா வீட்டில் டீயோடு ஒரு கதையும் கிடைத்தது.

அக்கா ரிட்டையர்டு கிராம நர்ஸ். சுற்றியுள்ள கடற்கரை ஊர்களில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். மகள் ரோஸ்லின் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டில் இருந்தபடியே ஒரு வீடியோ கேம் செய்தாள். துப்பாக்கி இல்லை, ரேஸ் இல்லை. ஒரு நர்ஸ் மழையில் ஸ்கூட்டி ஓட்டிப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். யாரை வைத்து என்று சொல்லவும் வேண்டுமா?

வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் அதை விற்பனைக்கு வைத்தாள். பிரசவக் காட்சி இருப்பதால் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று நேர்மையாகக் குறித்தும் வைத்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது… ஒருநாள் காலையில் பார்த்தால் கேமைக் காணோம்!

என்ன ஆச்சு? ஆபாச கேம்களை ஒழிக்க வேண்டும் என்று வெளிநாட்டில் ஓர் அமைப்பு கிளம்பியிருக்கிறது. கேம் செய்தவர்களிடம் அது போகவில்லை. நேராகக் கார்டு கம்பெனிகளிடம் போனது — 'இந்த அசிங்கத்துக்கு நீங்கள்தான் பணம் வாங்கிக் கொடுக்கிறீர்கள்' என்று. கம்பெனிகள் பயந்துபோய் இணையதளத்தை நெருக்கின. இணையதளம் பெரியவர்கள் பகுதியையே மொத்தமாக மூடிவிட்டது.

நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், படகுக்காரரோடு யாரும் மல்லுக்கட்டவில்லை. ஐஸ் கம்பெனிக்குப் போய் 'இவர்களுக்கு ஐஸ் கொடுக்காதே' என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் எந்தப் படகில் என்ன மீன் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

இதில் வேடிக்கை… அந்த அமைப்பின் மனுவில் ஜெபமணி அக்காவும் பெயர் போட்டிருக்கிறார்! சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததாம்.

"நல்ல காரியம்னுதாங்க போட்டேன். இப்பவும் தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. "அசிங்கத்த எடுக்கச் சொன்னேன். நான் பாத்த வேலையவா எடுக்கச் சொன்னேன்?"

 

பிரசவக் காட்சியை வெட்டினால் மறுபடி விற்கலாம் என்று இணையதளத்திலிருந்து ரோஸ்லினுக்கு மெயில் வந்திருக்கிறது. 'வெட்டிரலாமாம்மா?' என்று கேட்டிருக்கிறாள்.

"பிரசவம் பாக்காம நர்சு எதுக்குடின்னு கேட்டேன். மழையில நனைஞ்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஸ்கூட்டி ஓட்டவா?"

வெட்டவில்லை. கடைசியில் இணையதளம்தான் கொஞ்சம் இறங்கி வந்தது. கேமை மறுபடி வைக்கலாம் — ஆனால் இலவசமாக! காசு வாங்கினால் ஆபாசம், சும்மா கொடுத்தால் இல்லை. இது என்ன ஒழுக்கமோ!

ரோஸ்லின் 'போகட்டும்' என்று சும்மாவே கொடுத்துவிட்டாள். வருமானம் போச்சுதான். ஆனால் எந்தெந்த ஊர் நர்சுகளோ விளையாடிவிட்டு மெசேஜ் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

கெட்டது எது என்று சொல்ல யாராவது வேண்டும்தான். சொல்கிறவர் அதை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

'கண் வலிக்கும்' என்று இதுவரை கேமைத் தொடாத அக்கா, அன்றைக்கு என் வற்புறுத்தலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிரசவக் காட்சி வந்தது. படாரென்று லேப்டாப்பை மூடினார்.

"ஏண்டி, ஒன் நர்சு கை கழுவாமப் பிரசவம் பாக்குறா! மொதல்ல இதத் தூக்குடி!"

தடை கேட்டவர்களில், கேமை விளையாடிப் பார்த்துவிட்டுக் கேட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்!