பொக்கை வாத்தியாரும் கவச மீனும்

முப்பத்திரண்டு பல்லும் கெட்டியாக இருந்த வயதிலேயே அவருக்குப் பல்கலைக்கழகத்தில் ‘பொக்கை வாத்தியார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. காரணம் அவர் வாயல்ல, ஒரு மீனின் வாய்.

நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் திரிந்த மீன்களில் ஒரு கூட்டம், தலையிலும் நெஞ்சிலும் எலும்புத் தகடுகளைக் கவசமாக மாட்டிக்கொண்டிருந்தது. தாடை என்ற ஒன்றை முதன்முதலில் பெற்ற உயிர்களில் அவையும் சேர்த்தி. அந்தத் தாடை ஓரத்தில் கூர்கூராக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். அது பல்லே அல்ல, தாடை எலும்புதான் தேய்ந்து தேய்ந்து கூராகியிருக்கிறது என்பது வாத்தியாரின் கட்சி. முனைவர் பட்டம், பதவி உயர்வு, சுழல்நாற்காலி எல்லாம் அந்தப் பொக்கை மீன் போட்ட பிச்சை.

“பல்தான்” என்று எழுதிக்கொண்டிருந்தவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். யாரோ ஒரு பேராசிரியர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவர் வாத்தியாரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கல்லூரி நாளில் இருவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். தங்கைக்கு இவரைப் பார்த்து முடித்து வைத்ததே அண்ணன்தான். அப்பேர்ப்பட்ட மச்சான் ஒரு கருத்தரங்கில் மேடையேறி, “எங்க மாப்பிள்ளை மீனைத் தட்டுல பாத்தே பழகிட்டார். அதான் எல்லாமே எலும்பாத் தெரியுது” என்று சொல்லிவிட்டார். அரங்கம் சிரித்தது. வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. சொத்துக்காக வெட்டிக்கொள்ளும் குடும்பங்கள் சாதாரணமானவை. படித்த குடும்பம் என்றால் கல்லாகிப்போன மீனுக்காக முறைத்துக்கொள்ள வேண்டாமா? மாமியார் இருந்தது அந்த மச்சான் வீட்டில்தான். அவரைப் பார்க்க மனைவியை அழைத்துப் போகும் வாத்தியார், கொள்கைக்காகக் காரை விட்டு இறங்கமாட்டார். மாமியார் கார் ஜன்னல் வழியாகக் காபி நீட்டுவார். காபி கொள்கைக்குள் வராது.

மனைவி பல் மருத்துவர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்வது அவர் தொழில். வீட்டிலோ இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

இப்படியே போயிருக்கும். சாலைக்காக உடைத்த மலைப்பாறையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கீழ்த்தாடை கிடைத்து, அது வாத்தியாரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அழகான தாடை. உள்ளே படம்பிடித்துக் காட்டினால் மச்சான் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். பல்கலைக்கழகத்தின் ஸ்கேன் கருவி திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுக்காததால் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு மனைவியின் மருத்துவமனைக்கே போனார். அங்கே தாடையைச் சுற்றிவந்து படம் எடுக்கும் கருவி உண்டு.

“பேரு போடாம மெஷின் நகராது. என்ன போட?” என்றார் மனைவி.

“மீனுன்னு போடு.”

“வயசு?”

“நாப்பது கோடி.”

“ரெண்டு இலக்கத்துக்கு மேல எடுக்காது. தொண்ணூத்தொம்பதுன்னு போடுறேன். கொஞ்சம் இளமையாத்தான் இருக்கட்டுமே.”

படம் திரையில் வந்தது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தார்.

“என்னங்க, ஒவ்வொண்ணுக்குள்ளயும் குழி இருக்கு. பல்லுக்குள்ள நரம்பும் ரத்தமும் ஓடுற சதை, பற்கூழ், இருந்த இடம். சுத்தி இருக்கிறதும் எலும்பு மாதிரி இல்ல. நடுவுல உள்ளது பழசு, தேஞ்சிருக்கு. ஓரத்துல வரிசையா புதுசு முளைச்சிருக்கு.”

“நிழலா இருக்கும்.”

“தினமும் இதைத்தானே பாக்குறேன்.”

“இன்னொரு தடவை எடு.”

“திருப்பி எடுத்தா பல்லு விழுந்துடுமா?”

இருந்தாலும் எடுத்தார். கல்லைத் திருப்பிப் போட்டு, சாய்த்துப் போட்டு எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பல் முன்னைவிடத் தெளிவாக இளித்தது. வாத்தியார் நோயாளிகள் நாற்காலியில் சாய்ந்து, வேறு செய்வதறியாமல் அங்கிருந்த தண்ணீரில் வாய் கொப்பளித்தார்.

அடுத்த சில நாள் வீட்டில் சோறு இறங்கவில்லை. கல்லை அலமாரியில் பூட்டி வைத்தார், எடுத்தார், மறுபடி பூட்டினார். கடைசியில் மனைவியிடம் கேட்டார்: “உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டியா?”

“வைத்தியம் பாக்க வந்தவங்க விஷயத்தை வெளியில சொல்ற பழக்கம் எனக்கில்ல. சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பதில்தான் அவரைக் குத்தியது. போனை எடுத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எண்ணை அழுத்தினார்.

“மச்சான், பல்லுதான்.”

சிரிப்பு வரப்போகிறது என்று வாத்தியார் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

“என்ன மாப்பிள்ளை இப்பப் போய் இப்படிச் சொல்றீங்க?” மச்சான் குரலில் அழுகை இல்லாத குறைதான். “எனக்குக் கிடைச்ச தாடையை வெட்டிப் பாத்தேன். குழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் எலும்பு. உங்க பக்கந்தான் நியாயம்னு போன மாசம்தான் எழுதி அனுப்பினேன். அச்சுக்கே போயிடுச்சு.”

இத்தனை காலம் ஒருவரையொருவர் தோற்கடிக்கத் துடித்தவர்கள், ஒரே நேரத்தில் தோற்றுப் போனார்கள். யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று இருவருக்கும் புரியவில்லை. வாத்தியார்தான் முதலில் சிரித்தார். பிறகு மச்சானும் சிரித்தார். அந்த வாரமே வாத்தியார் கல்லோடு மச்சான் வீட்டுக்குப் போய், காரை விட்டு இறங்கி, நேராக உள்ளே நடந்தார். இரண்டு தாடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே வகை மீனே அல்ல என்பது இரண்டு மேதைகளுக்கும் விளங்கியது. கவச மீன்களில் சிலவற்றுக்கு மெய்யான பல் இருந்தது, சிலவற்றுக்கு எலும்பு விளிம்புதான் என்று சேர்ந்தே கட்டுரை எழுதினார்கள். யார் பெயர் முதலில் என்பதில் மட்டும் கட்டுரையைவிட அதிகக் காலம் செலவானது.

இப்போது அவர்களுக்குள் பேச்சு நிற்பதே இல்லை. பல் இந்த உலகில் ஒரே முறை தோன்றியதா, தனித்தனியாகப் பல முறை தோன்றியதா என்று ஞாயிறுதோறும் போனில் கத்திக்கொள்கிறார்கள். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.