ஸ்லோத்தைப் பாத்த ரெண்டு பேர்

இண்டைக்கு லண்டன் வெம்பிளியில மீன்கடைக்குப் போனன். கடைக்கார அண்ணை அறக்குளா வெட்டிக்கொண்டே, "என்ன, ரெண்டு கிழமையா ஆளைக் காணேல்லை?" எண்டார்.

"கோஸ்டாரிக்காவுக்குப் போனனாங்கள், அண்ணை."

"அங்க ஆர் இருக்கினம்?"

ஒருத்தரும் இல்லை, காடு பாக்கப் போனனாங்கள் எண்டன். கத்தியை வைச்சிட்டு என்னைப் பாத்தார். கலியாணமோ செத்தவீடோ இல்லாமல் ஒரு மனுசன் பிளேன் ஏறினதை அவரால நம்ப ஏலேல்லை.

ஆதாரத்துக்குப் போனை நீட்டினன். மரத்தில தலைகீழாத் தொங்குற ஸ்லோத். நாள் முழுக்க அசையாத மிருகம். எங்களைக் கூட்டிக்கொண்டு போன கைட் தொலைநோக்கி வைச்சுக் காட்டினவர். பத்து நிமிசம் பாத்தம்.

அண்ணை கையைத் துடைச்சிட்டுப் படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தார்.

"இதுக்குப் பேர் ஸ்லோத்தோ? நாங்கள் தேவாங்கு எண்டெல்லோ நினைச்சம்."

அண்ணை முந்திச் சண்டைக் காலத்தில ஊரில இருந்து கனடாவுக்கெண்டு களவா வெளிக்கிட்டு, பனாமாக் காட்டுக்குள்ளால நடந்தவராம். பொலிஸுக்குப் பயந்து மூண்டு நாள் ஒரு மரத்துக்குக் கீழ ஒளிச்சிருந்தவையாம். மேல இது.

"அதுவும் அசையேல்லை, நாங்களும் அசையேல்லை."

"உங்களுக்கும் கைட் இருந்தவரோ?" வாய் தவறிக் கேட்டிட்டன்.

"ஓம். ரெண்டாம் நாள் ஓடிட்டான். தலையும் போடட்டோ?"

போடச் சொன்னன்.

வீட்டுக்கு வர, எங்கட கைட்டிட்டை இருந்து ஈமெயில். பயணம் எப்பிடி எண்டு ரிவ்யூ எழுதட்டாம்.

என்ன எழுதிறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. இப்போதைக்கு, "கைட் கடைசிமட்டும் ஓடேல்லை" எண்டு எழுதி அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கிறன்.