கதவோரத்தில் நின்று பாடியவள்

இங்கிலாந்தில் எங்கள் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் தனிப்பாட்டு என்றால் அது மார்த்தா ஓல்ட்ராய்டுக்குத்தான். யார்க்‌ஷயர் கம்பளி ஆலையில் பதினைந்து வருஷம் தறி ஓட்டியவள். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை திறந்துகொண்டது என்பார்கள். அவள் பாட ஆரம்பித்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

நெல்லி பிக்கிள்ஸ் குழுவில் சேர்ந்தபோது அவளைப் பின்வரிசைக்கு அனுப்பியதும் மார்த்தாதான். நெல்லிக்குச் சின்னக் குரல். "அந்தப் புள்ள பாடுறது பக்கத்துல நிக்கிறவளுக்கே கேக்கணும்னா தந்திதான் அடிக்கணும்" என்று மார்த்தா சொல்லிச் சிரிப்பாள். நெல்லியும் கூடவே சிரிப்பாள். வேறு என்ன செய்வாள்?

1925 நவம்பரில் ஒரு மாலை நேர நிகழ்ச்சிக்கு நகரத்து வானொலி நிலையம் எங்கள் குழுவை அழைத்தது. எங்கள் பாட்டு, பியானோ, நடுவே ரோஜாச் செடி வளர்ப்பது பற்றி ஒரு கனவானின் பேச்சு. மார்த்தா புது நீலக் கவுன் தைத்துக்கொண்டாள். "அது ரேடியோடி, கவுன யாரு பாக்கப்போறா?" என்று கேட்டேன். "பாட்டுலயே தெரியும்" என்றாள்.

நிலையத்தில் பாடும் அறை ஒன்றுதான். சுவரெல்லாம் கனத்த திரை, தரையில் கம்பளம், மூச்சு முட்டுகிற புழுக்கம். நிர்வாகி டென்பி தெற்கத்திக்காரர், பேச்சில் அத்தனை மெருகு. ஒத்திகையில் மார்த்தா ஒரு வரிதான் பாடியிருப்பாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உள்ளறையில் ஒலிக்கருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"திருமதி ஓல்ட்ராய்ட், கொஞ்சம் பின்னால போறீங்களா? இன்னும் கொஞ்சம். இன்னும்" என்றார் டென்பி.

போய்ப் போய்க் கதவோரத்தில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு அடியில் நின்றாள். அடுத்து நெல்லி பாடினாள். "நீங்க கிட்ட வாங்கம்மா" என்று அவளை மைக்குக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நிறுத்திவிட்டார் டென்பி. உள்ளறை ஆள் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நான் மார்த்தாவைத் திரும்பிப் பார்த்தேன். யாருடைய கோட்டு நுனியையோ பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. இருவரும் பாடி முடித்தார்கள். ரோஜாக் கனவான் வரவில்லை. மூடுபனியில் ரயில் நின்றுவிட்டதாம். பியானோ ஓடிக்கொண்டிருக்கும்போதே டென்பி வியர்த்துப்போய் எங்களிடம் வந்து கிசுகிசுத்தார்: "யாராவது பத்து நிமிஷம் பேசுவீங்களா? எதப் பத்தி வேணும்னாலும்."

எல்லாரும் தரையைப் பார்த்தோம். மார்த்தா மட்டும் கதவோரத்திலிருந்து விடுவிடென்று நடந்து வந்தாள். மைக் பக்கத்தில் நின்றிருந்த நெல்லியை முழங்கையால் நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றாள். பியானோ நின்றது. பேச்சு ஒலிபரப்பாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னைக்கி ரோசா இல்லீங்க. துணி வெளுப்புதான் இருக்கு" என்று ஆரம்பித்தாள். ஊரே துணி துவைக்கும் திங்கட்கிழமையில் எங்கள் தெரு படும் பாட்டைச் சொன்னாள். வீட்டுக்கு வீடு எதிரெதிரே துணிக்கொடி கட்டுவது, துணி காயும் நேரம் பார்த்து நிலக்கரி வண்டி வருவது எல்லாம் வந்தது. குரலை உயர்த்தவேயில்லை. பிறகு நெல்லியை ஒரு பார்வை பார்த்தாள்.

"சில பேரு இருக்காங்க. கிழிஞ்சத எல்லாம் கொல்லையில ஒளிச்சுக் காயப்போட்டுட்டு, கல்யாணத்துக்குன்னு வாங்கி வச்ச மேசைவிரிப்ப வாசல்ல தொங்கவிடுவாங்க. ஒரு சொட்டு டீகூடப் படாத விரிப்பு! வாராவாரம் வெளுப்பு வாங்குது. பாவம், அது என்ன குத்தம் பண்ணுச்சோ!"

யார் வீட்டு விரிப்பென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நெல்லியின் முகம் சிவந்தது. விளக்கு எரியும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. கையுறையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

விளக்கு அணைந்ததும் நெல்லி கேட்டாள். "அது என் விரிப்புதானே மார்த்தாக்கா?"

"நான் பேரு சொன்னேனா?"

அதற்குள் டென்பி ஓடிவந்தார். "பிரமாதம்! அடுப்படியில உக்காந்து பேசுற மாதிரியே இருந்துச்சு. அடுத்த மாசமும் வாங்க."

"பாடுறதுக்கா?"

"இல்ல, பேசுறதுக்கு."

வீட்டில் அவள் கணவன் ஆமோஸ், ரேடியோவைக் கேட்கக் காதில் மாட்டும் கருவியைப் பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டு, சத்தம் பெருகி அக்கம்பக்கத்தார் சுற்றி உட்கார்ந்து கேட்கும்படி வைத்திருந்தான். 

"என் பாட்டு எப்பிடிய்யா இருந்துச்சு?"

"அடுத்த தெருவுல யாரோ பாடுற மாதிரி இருந்துச்சு."

"நெல்லி பாட்டு?"

ஆமோஸுக்குப் பொய் வராது. "அவ கிண்ணத்துக்குள்ளயே இருந்தா."

"அப்ப கிண்ணத்தோடயே குடும்பம் நடத்து" என்று மாடியேறிப் போய்விட்டாள். பேச்சைக் கேட்டுத் தெருவே விழுந்து விழுந்து சிரித்ததை அவன் சொல்ல வாயெடுத்தான், அவள் கேட்கவில்லை.

அதன்பின் மாதாமாதம் மார்த்தா பேசினாள். ஒவ்வொரு முறையும் பாட்டுத்தாளைப் பையில் எடுத்துப் போவாள். ஒவ்வொரு முறையும் டென்பி "அடுத்த தடவ பாக்கலாம்" என்பார். நெல்லி இன்னும் இரண்டு முறை பாடினாள். பிறகு முறையாகப் படித்த நகரத்துப் பாடகிகள் வந்துவிட்டார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஒருநாள் டிராமில் மூவரும் ஒன்றாக வந்தோம். நெல்லி திடீரென்று சொன்னாள்: "எனக்கு வயிறு எரியுதுக்கா. மாசாமாசம் ஒங்களக் கூப்புடுறாங்க. நீங்க என் மானத்த வாங்கித்தான் பேரு வாங்குனீங்க."

மார்த்தா சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "ஒனக்கு எரியுதா? அன்னைக்கி நீ பாடுனியே, அப்ப ஒன் கழுத்த நெரிச்சிருப்பேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றாள்.

நெல்லி அவள் பக்கம் திரும்பினாள். "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிடி சொல்லுவேன்?"

அதோடு சமாதானம் ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். பின்வரிசையிலிருந்து நெல்லியை மார்த்தா முன்னுக்கு நகர்த்தவேயில்லை. மறுவருஷம் நெல்லி கல்யாணமாகிக் கடற்கரை ஊருக்குப் போனாள். மார்த்தாவின் பேச்சு இரண்டு வருஷம் ஓடியது. கடையிலும் ஆலையிலும் முன்பின் தெரியாதவர்கள் அவள் குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொள்வார்கள். "நீங்க எவ்வளவு நல்லா பேசுறீங்க!" என்று யாராவது சொன்னால், "நான் பாடுவேன், தெரியுமா?" என்பாள்.

வயதான பிறகும் ரேடியோவில் மெல்லிய குரலில் எந்தப் பெண் பாடினாலும் எழுந்து போய் அடுப்பில் கடகடவென்று கரி அள்ளிப் போட ஆரம்பித்துவிடுவாள். வெயில் அடிக்கும் ஜூலை மாதத்தில்கூட.