என் காடி பிளேடு, தம்பியின் மிஷின்

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் பசி போய்விடும். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் ஷெட்டுக்கு அடுத்த ஷெட் தம்பியுடையது. அங்கே ஜெர்மன் அறுப்பு மிஷின் வந்து இறங்கிய அன்று, மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போன எலுமிச்சம் சாதத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு பேருக்கும் அலமாரி வேலைதான். முதலில் ஷெட் போட்டது நான். அவன் நான்கு வருஷம் கழித்து வந்தான். ஆனால் முத்தாபுதுப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் தம்பி கதையைத்தான் எடுப்பாள். "எம்புள்ள ஃபாரின் மிஷினு வாங்கிக்கீறான்." நானும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். வந்தவர்கள் என்னைப் பற்றிக் கேட்டால், "அதுவும் ஏதோ பலகை வேலை பண்ணுது" என்பாள்.

நல்ல மிஷின்தான். அதை மறுக்க முடியவில்லை, அதனால்தான் இன்னும் எரிந்தது. பலகையை வைத்துத் தள்ளினால் மேசையே வழுக்கிக்கொண்டு போகும். தூசியெல்லாம் குழாய்க்குள் போய்விடும். எல்லாவற்றையும் விட அந்த பிரேக். பொத்தானை அமுக்கினால், ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் பிளேடு நின்றுவிடும். கோயம்புத்தூரில் செய்த என் மிஷினை அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

என்னிடம் இருக்கிற, அவனிடம் இல்லாத ஒரே பொருள் காடி பிளேடு செட். இரண்டு பிளேடு, நடுவில் பல் வைத்த சில்லுகள். சேர்த்து மாட்டினால் அலமாரித் தட்டு உட்காருகிற அகலமான பள்ளம் ஒரே ஓட்டத்தில் விழும். அந்தப் பள்ளத்துக்குத்தான் காடி என்று பெயர். என் மிஷினில் பிளேடு மாட்டும் தண்டு நீளம், அதனால் மாட்டலாம். ஐரோப்பா மிஷின்களில் தண்டு குட்டை, நட்டு முழுசாகப் பிடிக்காது. அதைவிட மோசம் பிரேக். அவ்வளவு எடையை அது சட்டென்று பிடித்தால் நட்டு கழன்று பிளேடு பறந்துவிடும். பிரேக் உள்ள மிஷினில் மாட்டாதே என்று செட்டோடு வந்த தாளிலேயே படம் போட்டிருந்தார்கள். அந்தத் தாளை என் ஷெட் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை தம்பி வந்தான். "அக்கா, உன் காடி செட்ட குடேன். ஸ்கூலு ஒண்ணுக்கு அலமாரி ஆர்டர் கீது. பிளேடு நடு ஓட்ட அளவு எல்லாம் பாத்துட்டேன், செட்டாவும்."

"உன் ஃபாரின் மிஷினுக்கு என் சாமான் எதுக்குடா?"

"இன்னாக்கா, கலாய்க்கிறியா?" என்று சிரித்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். தாள் அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அவனுக்கு அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை. மாட்டிப் பார்த்து, முடியாமல், மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரட்டும், என் பழைய மிஷின் முன்னால் நின்று கெஞ்சட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவன் வரவில்லை. அரை மணி நேரத்தில் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் கிளம்பிய சத்தம் கேட்டது. எப்படியோ மாட்டிவிட்டான். ஓடும்வரை பரவாயில்லை, நிறுத்தும்போதுதான் ஆபத்து. பசை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு பலகை ஓடி முடிந்தது. இரண்டாவதும் ஓடியது. இவ்வளவு சுத்தமாக ஓடுகிறதே என்று அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பிறகுதான் அவன் இடது கைக்காரன் என்பது நினைவுக்கு வந்தது. பொத்தானை அமுக்க பிளேடு பக்கமாகத்தான் சாய்வான்.

ஓடினேன். ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றது. அவன் கை சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது.

"நிறுத்தாதடா! கைய எடு! தள்ளி வா!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சின்ன வயதிலிருந்தே நான் கத்தினால் கேட்கிற பிள்ளை. பின்னால் நகர்ந்தான். நான் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். அந்த பிரேக் கரண்டில் வேலை செய்வது, கரண்ட் போனால் அதுவும் பிடிக்காது. பிளேடு தன்பாட்டுக்குச் சுற்றி, தளர்ந்து, மெதுவாக நின்றது. ரொம்ப நேரம் ஆயிற்று. அவன் ஸ்பேனரை வைத்துப் பார்த்தான். நட்டு இரண்டே மரையில் தொற்றிக்கொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் அம்மா வீட்டில் மீன் குழம்பு. தம்பி எல்லாவற்றையும் சொன்னான். "அக்கா மட்டும் வரலன்னா என் கையே இல்லம்மா." அம்மா அழுதாள். எப்போதும் அவனுக்கு வைக்கிற பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "எம்பொண்ணு மாதிரி மிஷினு தெரிஞ்சவங்க அந்த எஸ்டேட்லயே கிடையாது" என்றாள். இத்தனை வருஷம் நான் கேட்க ஏங்கிய பேச்சு.

"எப்டிக்கா கரெக்டா அந்த நேரத்துக்கு வந்த?" என்று தம்பி கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "கூடப் பொறந்தவளாச்சே. மனசு அடிச்சிக்கும்ல."

நான் தலையாட்டினேன். முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி.