பேரிகையில் மூன்று டிரம்கள்

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, 2007 ஜனவரியில், சேலத்திலிருந்து ஓசூர் பக்கத்துப் பேரிகைக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. இந்த வலைப்பதிவில் நான் கொடுத்த ஒரு பதில் தவறாக இருக்குமோ என்ற பயத்தில்.

அதற்கு முந்தைய ஞாயிறு, பேரிகையிலிருந்து பர்வீன் என்பவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். வளர்ப்பு மீன் குஞ்சுகளுக்கு இரையாகும் பொடி நீருயிரியான நீர்த்தெள்ளில் இரண்டு இனங்கள் கலந்து அவரிடம் உண்டு. சிறியது குளிரில் பெருகவில்லை. பெரியது குஞ்சுகளின் வாயில் நுழையவில்லை. குஞ்சுகளுக்கு முட்டைக் கருவைக் கரைத்து ஊற்றி ஒரு வாரம்தான் சமாளிக்க முடியும் என்றார். இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதும் நான், அன்று பத்தே நிமிடத்தில் ‘தண்ணீரை 28 டிகிரிக்குச் சூடாக்குங்கள், நான்கு நாளில் பெருகும்’ என்று எழுதிவிட்டேன்.

மறுநாள்தான் உறைத்தது. கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளனாக இருந்தபோது, அந்த 28ஐ நான் கண்டது ஒவ்வோர் இனத்தையும் தனித்தனி பாட்டிலில் வைத்து. அவர் டிரம்மில் இரண்டும் சேர்ந்து வாழ்கின்றன. திருத்தம் எழுதினேன், பதில் இல்லை. குஞ்சுகள் செத்தால் என் பதிலால்தான் சாகும்.

காலை 5.30 பேருந்து, கட்டணம் 58 ரூபாய். சானமாவு காட்டருகே வண்டி மெதுவாகப் போனபோது யானையோ என்று பயந்தேன். முன்னால் லாரி பழுதாகி நின்றிருந்தது. 9.20க்கு ஓசூர். 10.15க்குப் பாகலூர் வழி டவுன் பஸ், 9 ரூபாய், சுமார் 25 கிலோமீட்டர். பேரிகையில் ஆட்டோ ஓட்டுநரிடம் விவரம் சொன்னதும் சிரித்தார். “நாங்க பூச்சிக்கு மருந்தடிக்கிறோம் சாமி, அந்தம்மா தீனி போடுது” என்றார்.

பர்வீன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் தரத்தைச் சோதிப்பவர். அன்று இரண்டாம் ஷிப்ட். என் திருத்தத்தை அவர் பார்க்கவில்லை. ஞாயிறு மட்டும்தான் பிரவுசிங் சென்டர் போவாராம். வாசலிலேயே நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். மூன்று நீல டிரம்கள். ஒன்றில் மட்டும் ஹீட்டர்.

“கோவிச்சுக்காதீங்க சார், நீங்க சொன்னீங்கன்னு எல்லாத்துலயும் போடல. கம்பெனில புது டூல் வந்தா மொதல்ல பத்து பீஸ்தான் ஓட்டிப் பாப்போம்.”

அளவுகோல் இருமல் மருந்து பாட்டிலின் மூடி. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மூடி எடுத்து, எண்ணிச் சராசரி போட்டு, தினமும் காலை ஆறுக்கு நோட்டில் எழுதியிருந்தார். என் ஆய்வு நோட்டு இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. சூடான டிரம்மில் மூடிக்குச் சிறியவை 6, 8, 7, 4. பெரியவை 5, 7, 10, 11. அவற்றின் தீனியான பாசி மிதக்கும் பச்சைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. சூடு இரண்டுக்கும் பசியைக் கூட்ட, பெரியவை முந்திக்கொண்டு பாசியைத் தின்று தீர்த்துவிட்டன.

“நீங்க சொன்னது தப்பில்லீங்க சார். சிறுசுக்குத்தான் சொன்னீங்க, பெருசு காதுலயும் விழுந்துடுச்சு.”

அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒரு யோசனை இருந்தது. அதுவும் தப்பாகிவிடுமோ என்று அவர் நோட்டைத் திரும்பப் புரட்டினேன்.

“சொல்லுங்க சார். ஒரு டிரம்தானே.”

டீ வடிகட்டியால் பெரியவற்றை அள்ளிவிட்டு, புதிய பச்சைத் தண்ணீர் விடலாம் என்றேன். ஒரு மணி நேரம் இருவரும் வடிகட்டினோம். அள்ளியவை பெரிய மீன்களுக்குப் போயின. 1.30க்கு அவர் கம்பெனி பஸ் ஏறினார்.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் கம்பளிச் சட்டை அவசியம். டவுன் பஸ் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நீர்த்தெள்ளு வளர்ப்பவர்களுக்கு: எத்தனை டிகிரி என்று என்னைக் கேட்டால், கூட யார் இருக்கிறார்கள் என்று இனி நான் முதலில் கேட்பேன். அதற்குப் பிறகும் என்னை முழுதாக நம்ப வேண்டாம்.

நேற்று ஞாயிறு. பர்வீனின் பின்னூட்டம் வந்திருக்கிறது: “மூடிக்கு சிறுசு 31. குஞ்சுங்க நல்லா திங்குது சார். ரெண்டாவது டிரம் இன்னிக்கு வடிகட்டறேன். மூணாவது ஒப்பிட்டுப் பாக்க அப்படியே இருக்கட்டும்.”